சூறாவளியானின் பச்சை முகம்

மார்க்குக்காரர் கையில் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸைக் கொடுத்தால் அவர் முதலில் பார்ப்பது நாயகனின் முகத்தை அல்ல, பாதத்தை. படம் வரைகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பாதம் வரைய வராது என்பது அவருடைய அசைக்க முடியாத கட்சி. அதனால்தான் உலகத்தைக் காப்பாற்ற வந்த மாவீரன் எப்போது தரையில் இறங்கினாலும் முழங்காலுக்குக் கீழே புகை மண்டிக்கொள்கிறதாம். புகை இல்லாவிட்டால் புல். புல்லும் இல்லாவிட்டால் இடிந்து விழுந்த கட்டடத்தின் செங்கல் குவியல் சரியாகக் கணுக்கால் உயரத்துக்கு வந்து நிற்கும். "பறக்கத் தெரிஞ்சவனுக்குக் கால் எதுக்குன்னு நெனச்சுட்டாங்க போல" என்று முணுமுணுத்தபடி ஒரு மார்க்கை வெட்டுவார்.

ஒரு நாளிதழின் சனிக்கிழமை இணைப்பில், சமையல் குறிப்புக்கும் குறுக்கெழுத்துக்கும் நடுவே, கைக்குட்டை அகலத்துக்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது. 'ஐம்பதுக்கு எத்தனை?' என்று தலைப்பு. உடற்கட்டுக்குப் பத்து, கை காலுக்குப் பத்து, பின்னணிக்குப் பத்து, பக்க அமைப்புக்குப் பத்து, வண்ணத்துக்குப் பத்து. கதையைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார். "கதை எல்லாத்துலயும் ஒண்ணுதான். கெட்டவன் சிரிப்பான், நல்லவன் குத்துவான். அதுக்கு என்னத்த மார்க் போடறது?" என்பார். பதினோரு வருஷமாக ஒரு வாரம் தவறாமல் இது நடந்துகொண்டிருந்தது.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் ஒரு வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயர். இடிபட்ட காரைப் பட்டறைக்கே போய்ச் சுற்றி வந்து, பம்பரைத் தட்டிப் பார்த்து, கதவின் நசுங்கலை ஸ்கேல் வைத்து அளந்து, இது மரத்தில் மோதியதா மதிலில் மோதியதா என்று சொல்லிவிடுவார். அந்தப் பழக்கம் காமிக்ஸிலும் தொற்றிக்கொண்டது. வில்லன் தூக்கியெறிந்த கார் பக்கவாட்டில் போய் விளக்குக் கம்பத்தில் மோதியிருக்க, முன்பக்கக் கண்ணாடி நொறுங்கியதாக வரைந்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. மார்பும் முதுகும் ஒரே சமயத்தில் தெரியும்படி முறுக்கிக்கொண்டு நின்ற ஒரு வீராங்கனையைப் பற்றி, 'இடுப்பெலும்பு முழுச் சேதம், பழுது பார்க்க இயலாது, வண்டியைக் கழித்துக்கட்டலாம்' என்று அவர் எழுதியதைப் பலர் வெட்டி வைத்துக்கொண்டார்கள். மாவீரர்களின் வயிற்றை உட்கார்ந்து எண்ணி, மனித உடம்பில் இல்லாத ஒன்பது தசைகளைக் கண்டுபிடித்தவரும் அவரேதான்.

இருந்தாலும் அவர் புகழுக்குக் காரணம் பாதமும் இல்லை, பம்பரும் இல்லை. வண்ணம். மற்ற விமர்சகர்கள் 'ஆழமான சிவப்பு', 'அழகான பச்சை' என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தபோது, இவர் 'வில்லனின் மேலங்கி ஊறிய தேயிலைச் சக்கை நிறம்' என்று எழுதுவார். 'விடியல் வானத்துக்கு வெங்காயத் தோல் நிறம், அடியில் லேசாகத் துரு' என்று எழுதுவார். வாசகர்கள் சொக்கிப்போனார்கள். என்ன கண்ணு, என்ன கண்ணு என்று மாய்ந்துபோனார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து எனக்கென்ன ஆகப்போகிறது? மார்க்குக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒரே அழுக்குப் பழுப்பு. காப்பீட்டு வேலையில் இதனால் தொல்லையே இல்லை, வண்டியின் நிறத்தைப் பதிவுப் புத்தகத்திலேயே போட்டிருக்கும், பார்த்து எழுதிக்கொள்வார். காமிக்ஸ் கட்டங்களுக்குள் அப்படி யாரும் போட்டுத் தருவதில்லையே.

தந்தது அவருடைய மனைவி. அந்த அம்மாள் தையல் சாமான் விற்கிற ஒரு நூல் கடையில் வேலை பார்ப்பவள். நகத்தளவு துணியை நீட்டி "இதுக்கு நூல் வேணும்" என்று கேட்டால், நானூறு நூல்கண்டுகள் அடுக்கிய பலகையில் கண்ணை ஒரு ஓட்டு ஓட்டி, ஒன்றே ஒன்றை உருவித் தருவாள். துணிமேல் வைத்துப் பார்த்தால் நூல் இருக்கிற இடம் தெரியாது. கல்யாணமான இரண்டாவது வாரமே வீட்டுக்காரரின் குட்டு அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கடையில் விட்டுவிட்டு வந்த தன் சிவப்புக் குடையை எடுத்துவரச் சொல்லியிருந்தாள். அவர் யாரோ ஒரு பாட்டியம்மாவின் பச்சைக் குடையைக் கம்பீரமாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இரண்டு நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் யாரிடமும் மூச்சு விடவில்லை.

எழுத ஆரம்பித்த பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. அம்மாள் சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து பக்கத்தைத் திருப்புவார், பேனாவைத் தூக்குவார். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்து, "தேயிலைச் சக்கை. அந்தப் பொண்ணோட பூட்ஸ் பாசிப் பச்சை. நெருப்பு சரியில்ல, மெழுகு மாதிரி இருக்கு" என்பாள். எழுதிக்கொள்வார். அடுத்த பக்கம் புரளும், பேனா உயரும். அந்த நிறப் பெயர்கள் எல்லாமே நூல் கடைப் பலகையில் ஒட்டியிருக்கிற பெயர்கள். சனிக்கிழமை காலையில் நகரம் முழுக்க அவற்றைப் படித்துவிட்டு, மார்க்குக்காரருக்கு ஞானக்கண் இருப்பதாகப் பேசிக்கொள்ளும்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு சனியன் பிடித்த பாராட்டு விழா வந்து கெடுத்தது.

வாசகர் வட்டத்தார் நூலக மண்டபத்தில் ஏற்பாடு செய்தார்கள். அவருக்கு 'வண்ணங்களின் காவலர்' என்று ஒரு பட்டம், கண்ணாடியில் பொறித்த ஒரு கேடயம். ஏற்புரை இருபத்தைந்து நிமிஷம். நாளிதழ் ஆசிரியருக்கு நன்றி சொன்னார். அச்சுக்கோப்பவர்களுக்கு நன்றி. வாசகப் பெருமக்களுக்கு நன்றி. தனக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்த கடைக்கும் நன்றி, சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கும் சொன்னார். ஒலிபெருக்கி சரிசெய்தவருக்கும் மறக்காமல் ஒன்று. இரண்டாவது வரிசையில் புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் என்று பிற்பாடு சமாதானம் சொன்னார். 'வீட்டுக்காரிக்கும் நன்றி' என்றால் எந்த ரகசியம் ஐயா வெளியே வந்துவிடும்? உலகத்தில் எல்லா மேடையிலும் எல்லா ஆம்பளைகளும் சொல்வதுதானே அது.

அம்மாள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. கேடயத்தைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. அந்த வாரம் சாதாரண வாரம் இல்லை. சூறாவளியானின் நூறாவது இதழ். சூறாவளியான் யார் என்று தெரியாதவர்களுக்கு: நீலச் சட்டை, மஞ்சள் இடுப்புப் பட்டை, சிவப்பு மேலங்கி, சுழன்று சுழன்று பறப்பவன், பாதம் தெரியாதவன். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி அனுப்பியிருந்தார்கள். மார்க்குக்காரர் மேஜையில் உட்கார்ந்தார். அட்டையை விரித்து வைத்தார். பேனாவைத் தூக்கினார்.

அம்மாள் அட்டையைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு குனிந்து பீன்ஸை நறுக்கினாள்.

அவர் தொண்டையைச் செருமினார். பக்கத்தைத் திருப்பினார். மறுபடியும் செருமினார்.

"இருமல் மருந்து தரவா?" என்றாள் அம்மாள்.

"இல்ல... இது நூறாவது இதழ்."

"அப்படியா? நல்லாப் பாருங்க. வண்ணங்களின் காவலர் நீங்கதானே."

பீன்ஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்க்குக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆசிரியருக்கு அன்று மாலை ஏழு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். வண்ணத்தை விட்டுவிட்டு நாற்பதுக்கு மார்க் போட்டால் ஏன் என்று கேட்பார்கள். பதினோரு வருஷத்து மானமும் கப்பலேறிவிடும். பம்பர் அளக்கிற ஒரு ஆளை நாலு பேர் மதித்து வணக்கம் சொல்வது இந்தக் கைக்குட்டை அகலத்தினால்தான். அடுப்படிக்குப் போய் "கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று கேட்டிருக்கலாம். எட்டே எட்டு அடி தூரம். கேட்கவில்லை. கௌரவம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவர் புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சட்டை நீலம், அது தெரிந்தது. பட்டை மஞ்சள், அதுவும் தெரிந்தது. மேலங்கி, தொண்ணூற்றொன்பது இதழாக எப்படி இருந்ததோ அப்படியே பழுப்பாக இருந்தது. அது சிவப்பு என்று அவருக்கு மனப்பாடம். பிறகென்ன? எழுதினார்: 'வண்ணம்: வழக்கம் போல. சிவப்பு மேலங்கி சிவப்பாகவே இருக்கிறது. முகங்கள் முகங்களாகவே இருக்கின்றன. நூறாவது இதழுக்கென்று புதுமை ஒன்றும் செய்துவிடவில்லை. பத்துக்கு நாலு.' அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அச்சகத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். வண்ணப் படம் அச்சடிக்க நாலு மை: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. ஒவ்வொரு மைக்கும் தனி பிளேட். நூறாவது இதழ் அவசரத்தில் நீல மையில் ஏற வேண்டிய பிளேட்டைச் சிவப்பு மையிலும், சிவப்பில் ஏற வேண்டியதை நீலத்திலும் மாட்டிவிட்டார்கள். நாயகனின் நீலச் சட்டைக்கு இரண்டு மையும் சேர்ந்து விழுவதால் அது ஏறக்குறைய நீலமாகவே வந்தது. மஞ்சள் தப்பித்தது. மற்றதெல்லாம் தலைகீழ். சிவப்பு மேலங்கி பச்சை. புல்வெளி ரத்தச் சிவப்பு. சூறாவளியான் முதல் தெருவில் போகிற குழந்தை வரை அத்தனை பேர் முகமும் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரிப் பச்சைப் பசேல். அறுபத்து நாலு பக்கமும் அப்படியே அச்சாகி, கட்டுக்கட்டாகக் கடைகளுக்கும் போய்விட்டது.

பதிப்பாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தன் கதை முடிந்தது என்றே நினைத்தார். ஆனால் விமர்சனக் கூட்டம் அவரைக் காப்பாற்றிவிட்டது.

முதலில் தாடி. தாடி என்பவர் வீடியோவில் காமிக்ஸ் விமர்சனம் செய்கிற பிரபலம். அவருக்கும் அந்தப் பச்சை முகத்தைப் பார்த்துத் தூக்கிவாரித்தான் போட்டது. ஆனால் 'என்ன இது, அச்சுப் பிழையா?' என்று கேட்டு, அது பிழை இல்லை என்று ஆகிவிட்டால்? யார் அசடு? ஆகவே கேமராவைப் பார்த்துக் கண்ணை மூடி, அரை நிமிஷம் மௌனமாக இருந்துவிட்டு, "இது பச்சை இல்லீங்க. அழுகிப்போன ஒரு மனசாட்சி" என்றார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒரு பேராசிரியர் செம்புல்லில் பூமித்தாயின் காயத்தைக் கண்டார். இன்னொருவர், குழந்தையின் முகமும் பச்சையாக இருப்பது சமத்துவம் என்றார். மருத்துவர் ஒருவர் மட்டும் இது பித்தப்பைக் கோளாறு மாதிரி இருக்கிறதே என்று எழுதினார். அவரை எல்லோரும் ரசனை கெட்டவர் என்று திட்டினார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதிப்பாளர் தலையிலிருந்து கையை எடுத்து, 'ஆம், துணிந்து எடுத்த முடிவு' என்று அறிக்கையே விட்டுவிட்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில் மார்க்குக்காரரின் பத்தி வெளியாகியிருந்தது. சிவப்பு மேலங்கி சிவப்பாகவே இருக்கிறது. முகங்கள் முகங்களாகவே இருக்கின்றன.

வாசகர்கள் முதலில் திகைத்தார்கள். பிறகு கொண்டாடினார்கள். 'என்ன நக்கல்! என்ன குத்தல்!' என்று மின்னஞ்சல்கள் குவிந்தன. ஊரெல்லாம் பச்சை பச்சை என்று கூத்தாடும்போது இந்த மனிதர் எவ்வளவு நாசூக்காக வாழைப்பழத்தில் ஊசி ஏற்றிவிட்டார் என்று வியந்தார்கள். ஆசிரியர் போன் போட்டு, "சார், பின்னிட்டீங்க" என்றார். மார்க்குக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, "ஏதோ, மனசுல பட்டதை எழுதினேன்" என்று சொல்லி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதிப்பாளர் வீடு தேடி வந்துவிட்டார். உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்ககிட்ட மறைக்க முடியாது. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"எதை?" என்றார் மார்க்குக்காரர், உண்மையாகவே.

"விளையாடாதீங்க சார். பிளேட் மாறிப்போனதுதான். அட்டையிலேயே மூஞ்சி பச்சையா வந்து நிக்குது, உங்க கண்ணுக்குத் தப்புமா? 'சிவப்பு சிவப்பாவே இருக்கு'ன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

மூஞ்சி பச்சையா? மார்க்குக்காரரின் கண் தானாக அடுப்படிப் பக்கம் போயிற்று. அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

பதிப்பாளர் விஷயத்துக்கு வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூறாவது இதழ் விழா. அதில் மார்க்குக்காரர் மேடையேறி, இது ஒரு துணிச்சலான கலைமுடிவு, வண்ணத்துக்குப் பத்துக்குப் பத்து என்று திருத்திச் சொல்ல வேண்டும். சொன்னால், பதிப்பகத்தில் 'தலைமைச் சித்திர மதிப்பீட்டாளர்' என்று புதுப் பதவி. தனி அறை, கதவில் பலகை. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கமும் அச்சுக்குப் போகாது.

"அப்புறம் இந்தப் பம்பரைத் தட்டுற வேலையெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?"

மார்க்குக்காரர் பதினோரு வருஷமாகக் கனவு கண்ட பதவி அது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஆனால் யோசிக்கப் போவதில்லை என்று அவர் முகமே சொல்லியது. பதிப்பாளர் திருப்தியாகப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"நீ வெள்ளிக்கிழமையே பாத்தியா?"

"பாத்தேன்."

"மூஞ்சி பச்சையா?"

"பாசி நம்பர் மூணு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

"இது என்ன பேச்சு? எப்பவும் நான் கேட்டுத்தானா சொல்ற?"

அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அதைத்தான் நானும் சொல்றேன். பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது 'இது என்ன கலர்'னு வாயத் திறந்து கேட்டிருக்கீங்களா? பக்கத்தைத் திருப்புவீங்க, பேனாவைத் தூக்குவீங்க. நான் ரேடியோ மாதிரி பாடணும். ரேடியோவுக்கு யாரு நன்றி சொல்லுவா? கண்ணாடிக் கடைக்காரனுக்குச் சொன்னீங்க. மைக் செட்டுக்காரருக்குச் சொன்னீங்க. அன்னைக்கு அந்தச் செருப்பு வேற கடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவர் திருதிருவென்று முழித்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. 'எனக்கு அந்த வேலை வேணும்மா' என்பதுதான் வெளியே வந்தது.

"போய் வாங்கிக்கோங்க. யாரு வேண்டாம்னா?" என்றாள்.

அந்த வாரம் முழுக்க அவர் நசுங்கிய கதவுகளைத் தப்புத்தப்பாக அளந்தார். வீட்டில் சாப்பாடு வந்தது, சட்டை இஸ்திரி ஆகி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. வேலை கிடைத்தால் ஒவ்வொரு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு இருக்கும், பச்சை இருக்கும், இவள் இல்லாமல் ஒரு பக்கம் நகராது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அதெல்லாம் பதவிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. சிலர் முகத்தில் பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வந்திருந்தார்கள், அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. மேடையில் பதிப்பாளர், தாடி, மார்க்குக்காரர். அம்மாள் வருவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வந்திருந்தாள். பழைய செருப்போடு, இரண்டாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

தாடி மனசாட்சி பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். பிறகு பதிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "நம்ம காவலர் அவர்களுக்கு ஒரு சின்ன அன்பு வேலை" என்று சொல்லி, மேஜைமேல் இரண்டு பெரிய அட்டைகளை நிறுத்தினார். ஒன்று பழைய பாணி, சிவப்பு மேலங்கியும் இயல்பான முகமும். மற்றொன்று பச்சை. "வாசகர்களே, இனிமேல் சூறாவளியான் எந்தக் கோலத்துல வரணும்னு, பத்துக்குப் பத்து எதுக்குன்னு, அவரே தொட்டுக் காட்டுவார்!"

மார்க்குக்காரர் எழுந்து வந்து பார்த்தார். இரண்டும் ஒரே அட்டை. அச்சு அசலாக ஒரே அட்டை. இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த வித்தியாசம். பதிப்பாளர் பச்சை அட்டைப் பக்கமாகக் கண்ணைக் காட்டுகிறார் என்பதுகூட அவருக்குப் பிடிபடவில்லை, பதிப்பாளருக்கு ஏற்கெனவே லேசான மாறுகண்.

இந்த இடத்தில் அவருக்கு வீரம் வந்துவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். தப்பிக்க வழியில்லை, அதுதான் நிஜம். மைக்கைப் பிடித்து, "எனக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலீங்க" என்றார்.

மண்டபத்தில் கைதட்டல் கிளம்பியது. தாடி துள்ளி எழுந்து, "கேட்டீங்களா? சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்! என்ன தரிசனம்!" என்று கத்தினார்.

"ஐயா, தரிசனமெல்லாம் இல்ல. எனக்குப் பிறவியிலேயே சிவப்பு, பச்சை தெரியாது. இத்தனை வருஷமும் என் வீட்டுல உதவி பண்ணாங்க."

கைதட்டல் இரண்டு மடங்காயிற்று. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன ஒரு அடக்கம்" என்று முன்வரிசையில் யாரோ சொன்னது மைக்கிலேயே கேட்டது. உண்மையைச் சொன்னால் நம்பாமல் இருப்பதற்கு இவ்வளவு பேர் காசில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அவர் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். கைதட்டாத ஆள் ஒருத்திதான். அவள் முகம் இளகவில்லை. 'உதவி' என்ற அந்த வார்த்தையைக் கேட்டு உதடு இன்னும் இறுகித்தான் இருந்தது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழப் பார்த்தாள்.

பதவி போகும், பத்தி போகும், அதெல்லாம் அப்போது அவர் ஞாபகத்திலேயே இல்லை. இவள் இந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டால் வீட்டில் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இனி இருக்காது என்பது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. கைக்குக் கிடைத்த அட்டையை எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன கலர்ம்மா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. இதற்கு எப்படி அர்த்தம் பண்ணுவது என்று தாடிக்கே தெரியவில்லை. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் தனக்குத் தெரியாததைக் கேட்கிறான், அவ்வளவுதான். எல்லோரும் திரும்பி அவர் பார்த்த திசையில் பார்த்தார்கள்.

அம்மாள் நின்றபடியே அவரைப் பார்த்தாள். அவர் கையை இறக்காமல் நின்றார்.

"பச்சை" என்றாள். "மூஞ்சி பூரா பச்சை. மேலங்கியும் பச்சை. அதுல கலையும் இல்ல, மனசாட்சியும் இல்ல. அச்சடிக்கிறப்ப சிவப்பும் நீலமும் மாத்திப் போட்டிருக்காங்க. நூல் பெட்டியில கண்டு மாத்தி வெச்சா நாங்க எடுத்து ஒழுங்கா வெப்போம், விழா எடுக்க மாட்டோம்."

"எத்தனை மார்க்கும்மா போடலாம்?"

"சைபர்."

பின் வரிசையில் ஒருவர் குபீரென்று சிரித்தார். அது அப்படியே முன்னுக்குப் பரவியது. முகத்தில் சாயம் பூசியவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். பதிப்பாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து மறுபடியும் தலையில் கைவைத்தார். தாடி அன்று இரவுக்குள், 'அச்சுப் பிழை என்று நான் அப்போதே சந்தேகித்தேன்' என்று ஒரு வீடியோ போட்டுவிட்டார். அதற்கும் நல்ல வரவேற்பு.

தலைமைச் சித்திர மதிப்பீட்டாளர் பதவி காற்றோடு போயிற்று. வாசகர் வட்டத்தார் பட்டத்தைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று இன்னும் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். ஆசிரியர் மட்டும் பத்தியை நிறுத்தவில்லை. முதல் நாலு பிரிவின் கீழே 'சர்வேயர்' என்றும், ஐந்தாவதன் கீழே 'நூல் கடைக்காரி' என்றும் இப்போது கையெழுத்து வருகிறது. வண்ணத்துக்கு எட்டுக்குமேல் வாங்கிய புத்தகம் இதுவரை ஒன்றுகூட இல்லை. பதிப்பாளர்கள் போன் போட்டு அழுதால், அது என் கையில் இல்லீங்க என்று மார்க்குக்காரர் சொல்லிவிடுகிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல மேஜையில் உட்காருகிறார்கள். அவர் பக்கத்தைத் திருப்புகிறார், பேனாவைத் தூக்குகிறார். அம்மாள் பாட்டுக்கு பீன்ஸ் நறுக்குகிறாள்.

"இது என்ன கலர்ம்மா?"

அந்த அம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும். நாலு தெரு தள்ளி வருகிற தபால்காரரின் மணிச்சத்தத்தைச் சொல்லிவிடுவாள்.

"என்ன கேட்டீங்க? காதுல விழல. இன்னொரு தடவை கேளுங்க" என்கிறாள்.

அவர் இன்னொரு தடவை கேட்கிறார்.